பச்சை மூடிப் புட்டி

பிப்ரவரி 6

ஊசியம்மாவுக்கு,

இது நானே எழுதும் கடிதம். யாரும் எழுதித் தரவில்லை. ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவி, பீட்ரூட் நறுக்கி, உப்புக் கரைசல் கலந்து வைக்கும் அதே கிழவன்தான். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று ஸ்டோர் அக்கா சிரிக்கிறாள்.

அவள் கேட்டாள். "ஏன் தாத்தா, ஒரு போன் போட்டா ஆச்சு. இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?" போனை நீங்கள் எடுப்பதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அதுவும் இல்லாமல், போனில் பேச எனக்கு எழுத்து எதற்கு?

படிக்கத் தெரிந்ததும் உலகம் இனிக்கும் என்று நினைத்தேன். நாற்றம்தான் முதலில் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது அல்லவா? அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘கழிவுக் குழாயுடன் இணைந்த நீர். குடிக்காதீர்.’ ஒன்பது வருடம் அதில்தான் குடித்தேன். கழிப்பறைக் கதவின் உட்புறம் என்னைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அதை எழுதியவனுடைய கையெழுத்து என்னுடையதைவிட மோசம். அதில் ஒரு திருப்தி.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. போன செப்டம்பரில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். அழுதுகொண்டு போனதாக நம் ஆய்வக மீசைக்காரர் சொன்னார். உங்கள் வேலையில் ஏதோ தகராறு என்று மட்டும் காதில் விழுந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? நறுக்கிய கிழங்கின் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டு, சிவப்புச் சிவப்பாய் மிதந்து வரும் பைகளை முதன்முதலில் எனக்குக் காட்டியது நீங்கள்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பை. அந்தப் பையின் சவ்வில் பம்புகள். பம்பு புளிப்பை உள்ளே இறைக்கும், அதனால் உள்ளே ஒரு மின்சாரம், வெளியே ஒரு மின்சாரம். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை அதன் மேல் வைத்து நீங்கள் மூச்சை அடக்குவீர்கள். நானும் அடக்குவேன். எனக்கு எதற்கு என்று தெரியாமலே.

பதில் போடுங்கள். படிக்க நேரமாகும், ஆனால் படித்துவிடுவேன்.

பீட்ரூட் தாத்தா


பிப்ரவரி 15

பெரியவருக்கு,

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

நான் இப்போது ஒரு சாயத் தொழிற்சாலையில் இருக்கிறேன். லாரி லாரியாகப் பீட்ரூட் வருகிறது. அரைவை இயந்திரம் ஒரு நிமிடத்தில் கோடிக்கணக்கான பைகளை உடைக்கிறது. நீங்களும் நானும் மூச்சை அடக்கி ஒன்று ஒன்றாகப் பிடித்தோமே, அதே பைகள்தான். சிவப்பு ஒரு பக்கம் பொடியாகிறது. மிச்சம் ஒரு கால்வாயில் நுரைத்துப் புளித்து ஓடுகிறது. சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று அளந்து சொல்வது என் வேலை. தலைமுடியில் அந்த நாற்றம் போவதில்லை. மண்ணும் அழுகலும் சேர்ந்த நாற்றம்.

என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். போன வருட ஜனவரியிலிருந்து மே வரை நான் எடுத்த அளவுகளில் பம்பு ஓடியது. மே நடுவிலிருந்து ஓடவில்லை. முதலில் எடுத்ததெல்லாம் நான் கையால் திருத்திய பொய் என்று பேராசிரியர் சொன்னார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அதை நம்பியது. ஐந்து வருட ஆய்வும் பட்டமும் போயிற்று. குழு நம்பியதற்குக் காரணம் ஒரே ஒரு தாள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே நீல மையில் இருப்பது உங்கள் கட்டைவிரல்.

இப்போதுதான் படிக்கத் தெரியுமே. படித்துப் பாருங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.


பிப்ரவரி 27

ஊசியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்தும் எழுதுகிறேன்.

அந்தத் தாளைப் படிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுத்து கடினம் என்பதால் இல்லை. ஒரு வரி படித்தால் எழுந்து போய் முகம் கழுவ வேண்டியிருந்தது.

நான்கு வரி. முதல் வரி, கிழங்கு நறுக்குவதும் உப்புக் கரைசல் கலப்பதும் என் வேலை என்று. சரி. இரண்டாவது, உப்பு எப்போதும் ஒரே புட்டியிலிருந்து ஒரே எடை என்று. அதை நான் சொன்னேன். மூன்றாவது, நீங்கள் கணினியில் கோடுகளைத் திருத்தியதை நான் கண்ணால் பார்த்தேன் என்று. நான்காவது, இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், எனக்குப் புரிந்தது என்று.

யாரும் படித்துக் காட்டவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், எனக்கு உயிரெழுத்தே கூடிவராத சமயம், பேராசிரியர் கூப்பிட்டார். வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தார். "என்ன தாத்தா, உப்பு எப்பவும் அதே உப்புதானே?" என்றார். "ஆமாங்க, பச்சை மூடி" என்றேன். "அவ்வளவுதான். இங்க ஒரு ரேகை வெச்சிடுங்க, ஸ்டோர் கணக்குக்கு." வைத்தேன். விரல் துடைக்கக் காகிதம் கொடுத்தார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தார். தின்றேன் அம்மா. நல்ல பிஸ்கட். அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் மசிகிற மாதிரி இருக்கிறது. காறித் துப்பினாலும் போகவில்லை. கணினியில் எது கோடு, எது திருத்தம் என்று எனக்கு என்ன தெரியும்? மாடு மேய்ப்பவனைக் கூட்டி வந்து கப்பல் ஓட்டச் சொன்ன மாதிரி.

மூன்றாவது வரி என்னுடையது இல்லை. இரண்டாவது வரி என்னுடையது. அந்த ஒரு வரியாவது உண்மையாக இருக்கட்டும் என்று, மறுநாள் காலையில் போய் அலமாரியில் பச்சை மூடிப் புட்டியை எடுத்தேன். ஸ்டோர் அக்கா ஒட்டிய சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன்.

‘பொட்டாசியம் நைட்ரேட். வந்த நாள் மே 11.’

நீங்கள் எப்போதும் குளோரைடு என்றுதான் சொல்வீர்கள். அந்தச் சொல் என் காதில் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளை மூடியோடு ஒரு புட்டி, முத்திரைகூட உடையவில்லை. அதில் குளோரைடு என்று இருக்கிறது. அதுவும் மே 11. ஸ்டோர் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" அவள் சொன்னாள், "ஒண்ணா? நல்லா கேட்டீங்க. அந்தத் தடவை கம்பெனிய மாத்தினாங்க தாத்தா. மூடி நிறமெல்லாம் மாறிப்போச்சு. பழைய கம்பெனியில பச்சைதான் குளோரைடு. அதான் பெருசா சீட்டு ஒட்டினேனே."

சீட்டு ஒட்டினாள். எனக்கு அது அன்றைக்கு வெறும் காகிதம். எண் மட்டும் தெரியும். தராசில் 7.45 வந்தால் நிறுத்துவேன். மே 12 முதல் உங்களுக்கு நான் நிறுத்துக் கொடுத்தது வேறு உப்பு.

இதனால் ஏதாவது கெட்டுப்போகுமா? எனக்குத் தெரியாது. நீங்கள் திட்டி எழுதினாலும் படிப்பேன்.


மார்ச் 5

தாத்தா,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று படித்தேன். வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். அதில் உங்களுக்கு எழுதியதைவிட எனக்கு எழுதியதுதான் அதிகம்.

கெட்டுப்போகுமா என்றால், கேளுங்கள். பையின் சவ்வில் இரண்டு வகைப் பம்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் புரோட்டான் என்ற புளிப்புத் துகளைத்தான் உள்ளே தள்ளும். ஆனால் இரண்டுக்கும் தீனி வேறு. முதல் பம்புக்கு நைட்ரேட் ஆகாது. அது சுற்றி இருந்தால் தீனி போட்டாலும் முடங்கிவிடும். இரண்டாவது பம்புக்கு நைட்ரேட் ஒரு பொருட்டே இல்லை.

மே 12 முதல் என் திரையில் வந்தது அச்சு அசலாக இதுதான். முதல் பம்பு செத்துக் கிடந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் உள்ள படம் தாத்தா. முதல் வருட மாணவரிடம் அந்தக் கோட்டைக் காட்டினால், நைட்ரேட் போட்டீர்களா என்று கேட்பார். நான் கிழங்கைச் சந்தேகப்பட்டேன். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் என் சோப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். புட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேராசிரியரும் அதே கோட்டைப் பார்த்தார். என் நல்ல அளவுகளைப் பொய் என்று தூக்கிப் போட்டுவிட்டு, செத்த அளவுகளை எடுத்து, கிடங்கில் வைத்த கிழங்கில் முதல் பம்பு உறங்கிவிடுகிறது என்று தன் பெயரில் கட்டுரை வெளியிட்டார். உறங்கியது பம்பு இல்லை. அதைப் படித்தபோது வந்த அருவருப்பு இந்தக் கால்வாயைப் பார்த்துக்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன். கரைசலை ஆய்வு செய்பவரே கலக்க வேண்டும் என்பது விதி. நேரமில்லை என்று அதை உங்கள் தலையில் கட்டியவள் நான். ஆனால் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும், ‘கரைசல் தயாரித்தது: நான்’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவளின் பொய் அது. உண்மை வெளியே வந்தால் இதுவும் வெளியே வரும்.

அதனால் யாரிடமும் பேசாதீர்கள். வேலை போய்விடும் உங்களுக்கு. புட்டியை மட்டும் பத்திரமாக வையுங்கள். முடிந்தால் மீசைக்காரரிடம் கேளுங்கள். அவர்தானே அந்த இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், ஊசி பிடிக்கவும் தெரியும். ஒரே கிழங்கு, ஒரே பை, முதலில் வெள்ளை மூடி, பிறகு பச்சை மூடி, மறுபடி வெள்ளை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.


மார்ச் 18

ஊசியம்மாவுக்கு,

பம்பு ஓடுகிறது.

மீசைக்காரர் முதலில் மாட்டேன் என்றார். "எனக்கு எதுக்கு தாத்தா இந்த வம்பு? எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு." நான் உங்கள் கடிதத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் படிப்பதைக் கேட்டதும் அவர் மீசையைக் கடித்துக்கொண்டார். "சரி, கிழங்க எடுங்க" என்றார்.

சுருக்கம் விழாத கிழங்கு ஒன்றை எடுத்து, இரண்டு துண்டாக்கி, வெட்டுமுகத்தைக் கழுவினேன். இரண்டு கரைசலையும் கலக்கும்போது சீட்டை மூன்று தடவை படித்தேன். பைகள் மிதந்தன. ஐந்து ஊசி வீணாயிற்று. ஆறாவது ஊசி ஒட்டியது. "பிடிச்சிருச்சு, மூச்சு விடாதீங்க" என்றார். எனக்கு அது புதிதா?

வெள்ளை மூடிக் கரைசலில் முதல் தீனியைப் போட்டதும் கோடு படியேறியது. பச்சை மூடியை ஓட விட்டோம். இறங்கி ஏறக்குறையத் தரையோடு படுத்தது. இரண்டாவது தீனி போட்டோம், கொஞ்சம் எழுந்தது. கழுவிவிட்டு மறுபடி வெள்ளை மூடி, முதல் தீனி. ஏறியது அம்மா. நான் சிரித்தேன். பாத்திரம் உடைத்தவன் சிரிக்கிற சிரிப்பு.

அப்போது பின்னால் கனைப்புச் சத்தம்.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். இரண்டு புட்டியையும் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாரிடமும் பேசாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் சொன்னேன். "மே மாசத்துலேர்ந்து நான் மாத்திக் குடுத்துட்டேங்க. ஊசியம்மா மேல தப்பு இல்லீங்க." அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் மதித்திருப்பேன். மீசைக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பேசினார். "நீங்க தெரியாம செஞ்சது தாத்தா. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அது பழைய புட்டி. தொட்டியில கொட்டிட்டுக் கழுவி வெச்சிடுங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப வேற வேலை கெடச்சிருச்சு, அது நல்லாத்தான் இருக்கு."

சொல்லிக்கொண்டே பிஸ்கட் டப்பாவை எடுத்தார்.

அதே டப்பா. என் வாயில் எச்சில் ஊறியது. பசியால் இல்லை. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். விழுங்கிவிட்டு, "பல்லு சரியில்லீங்க" என்றேன். குழாயைத் திறந்து விட்டேன். அவர் போகும் வரை தண்ணீர் ஓடியது. தண்ணீர் மட்டும்தான் ஓடியது. புட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில் கிழங்குச் சாக்கில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மீசைக்காரர் ஒரு மடித்த தாளைப் பாத்திரத் தொட்டியருகே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார். திரையில் வந்த கோடு.

குழுவுக்கு நான் எழுதலாமா? என் வேலை பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தக் குழாயில் ஒன்பது வருடம் குடித்தவனுக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் உங்கள் குறிப்பேடு இருக்கிறதே. கரைசலைக் கலந்தது நான் என்று எழுதினால், நீங்கள் எழுதியது பொய் என்று ஆகும். நீங்கள் சொல்லாமல் எழுத மாட்டேன். ஒரு தடவை உங்களைக் கேட்காமல் விரல் வைத்தது போதும்.


மார்ச் 24

தாத்தா,

அந்தத் தாளில் ஏறிய கோட்டை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். இங்கே சம்பளம் வருகிறது. நாற்றம் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

எழுதுங்கள். கரைசலைக் கலந்தது நீங்கள் என்றே எழுதுங்கள். குறிப்பேட்டில் பொய் எழுதியது நான் என்று இத்துடன் என் கடிதத்தையும் வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொடுங்கள். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நாமும் அந்த டப்பாவில் கைவிட்டவர்கள்தான்.

உங்கள் விரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் கையெழுத்தையும்தான்.

ஊசி


ஏப்ரல் 11

ஊசியம்மாவுக்கு,

நேற்று குழு கூடியது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நீள மேசை. மூன்று பேர். தலைவி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பேராசிரியர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் புட்டி, கோடு, என் கடிதம், உங்கள் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். புட்டியில் கிழங்கு மண் ஒட்டியிருந்ததால் சட்டையில் துடைத்து வைத்தேன்.

பேராசிரியர் கனைத்துவிட்டுச் சொன்னார். "போன வருஷம் வரைக்கும் எழுத்தே தெரியாதவர். யாரோ சொல்லிக் குடுத்து எழுதியிருக்காரு. அந்தச் சீட்டையாவது அவரால படிக்க முடியுமான்னு கேளுங்க."

தலைவி வேறு ஒரு அலமாரியிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் பார்த்தே இராத புட்டி. எழுத்துக் கூட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ‘கால்சியம் சல்பேட். ஈரம் படாமல் வைக்கவும்’ என்று படித்தேன். பிறகு, கேட்காமலே, பழைய தாளை எடுத்து நான்கு வரியையும் படித்தேன். மூன்றாவது வரிக்கு வந்தேன். நிறுத்தித் துப்ப வேண்டும் போல் இருந்தது. அங்கே துப்ப இடம் இல்லை. முழுதும் படித்தேன்.

தலைவி கேட்டார். "இந்த ரேகை உங்களுதுதானே?"

"விரல் என்னுதுங்க. வார்த்தை என்னுது இல்லீங்க."

மீசைக்காரரைக் கூப்பிட்டார்கள். எட்டு வருட சர்வீஸ் இருக்கிறவர், வந்து நின்று, கோடு தன் கையால் எடுத்தது என்று சொன்னார். ஸ்டோர் அக்கா மே 11 ரசீதைக் கொண்டு வந்தாள். பேராசிரியரிடம், அந்த முதல் பம்பு மட்டும் நின்றதைப் பார்த்து உங்களுக்கு நைட்ரேட் ஞாபகமே வரவில்லையா என்று தலைவி கேட்டபோது, அவர் கனைத்தார். கனைத்துக்கொண்டே இருந்தார்.

முடிவு இதுதான். உங்கள் மேல் சொன்ன பொய்க் குற்றச்சாட்டை நீக்கினார்கள். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதுகிறார்கள். குறிப்பேட்டுக்காக உங்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை உண்டு. அக்டோபரிலிருந்து ஆய்வைத் தொடரலாம், வேறு ஒருவருக்குக் கீழே. எனக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. பேராசிரியர் விடுப்பில் போகிறார். சம்பளத்தோடு. அதைக் கேட்டதும், அந்தக் குழாய்த் தண்ணீர் முழுவதும் ஒரே நாளில் வேலை செய்த மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொல்லவா இந்தக் கடிதம்?

கடைசியில் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். எழுத்தர் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அதே நீல மை. நான் அதை மூடித் திருப்பித் தள்ளினேன். தாளை முதலிலிருந்து படித்தேன். ஒரு பக்கம்தான். ஆனால் மேசையில் வைத்த தேநீரில் ஆடை கட்டிவிட்டது. ஒரு இடத்தில் ‘மே 21’ என்று தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்தி, மறுபடி அச்செடுத்துக் கொண்டுவந்தார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பிறகு பேனா கேட்டேன். என் பெயரில் ஏழு எழுத்து. நாக்கு வெளியே வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது எழுத்தில் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவதில் எழுத்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தலைவி மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு பேனா முனையையே பார்த்தார், நீங்கள் ஊசியைப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி.

ஏழும் எழுதி முடித்தேன். எல்லோரும் எழுந்தார்கள். அப்போதுதான் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை என்று பார்த்தேன். "ஒரு நிமிஷங்க" என்றேன். பேராசிரியர் உட்பட ஐந்து பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பேனாவை எடுத்து, புள்ளியை வைத்தேன்.